வலி ஊசியும் தாய்ப்பாலும்



பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா, நிறைய பேருக்கு வலி வர டிரிப்ஸ் ஏத்துறாங்க. அப்புறம் குழந்தை சரியா சப்பலேன்னா, "ஊசி போட்டதுல பால் வத்திப்போச்சு", "மருந்து பால்ல இறங்கும், குடுக்காதே"ன்னு வீட்டுல சொல்லிடுறாங்க. மறுநாளே பவுடர் பால் டின் வந்துடுது. அதைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன்.

அந்த மருந்தின் பெயர் ஆக்ஸிடோசின். இது நம்ம உடம்பிலேயே சுரக்கிறதுதான். கர்ப்பப்பையைச் சுருக்கி வலியைக் கொண்டுவருவதும் இதுதான். குழந்தை சப்பும்போது பாலை இறக்குவதும் இதுதான். இதைச் செயற்கையாகச் செய்து காட்டிய அமெரிக்க விஞ்ஞானிக்கு 1955-ல் நோபல் பரிசு கிடைத்தது. டிரிப்ஸை நிறுத்தினதும் மருந்து ரத்தத்தில் சீக்கிரமே குறைந்துவிடும். அதுக்காகப் பால் கொடுக்காம இருக்க வேண்டியதில்லை.

ஆனா அளவு மீறினா ஆபத்து. வலி விடாம வந்தா குழந்தைக்குப் பிராணவாயு குறையும், நெஞ்சுத் துடிப்பு இறங்கும். துடிப்பைப் பார்த்துக்கிட்டே இருக்கிற ஆஸ்பத்திரியில்தான் இதைப் போடணும். வீட்டிலேயே ஊசி போட்டு முடிச்சிடலாம்னு யார் சொன்னாலும் சம்மதிக்காதீங்க.

நீண்ட நேரம் வலி எடுத்த களைப்பு, வலி தெரியாம இருக்கப் போட்ட மருந்து, இதனால சில குழந்தைங்க முதல் நாள் தூங்கி வழியும். டிரிப்ஸ் தண்ணியால மார்பு வீங்கி, காம்பைப் பிடிக்கச் சிரமப்படும். பால் இல்லைன்னு அர்த்தமில்லை.

பிறந்ததும் துணி இல்லாம அம்மா நெஞ்சில் போட்டு, மேலே போர்த்திவிடச் சொல்லிக் கேளுங்க. முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள மார்பில் விடுங்க. காம்பைச் சுத்தி விரலால மெதுவா அழுத்தினா வீக்கம் இளகும். சப்பலேன்னா சீம்பாலைக் கையால பீய்ச்சி பாலாடையில் புகட்டலாம். முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் பாலே போதும். சேனை வேண்டாம், சர்க்கரைத் தண்ணி வேண்டாம். இரண்டு, மூணு மணிக்கு ஒருதரம் எழுப்பிக் கொடுங்க.

ஆறாம் நாளில் ஆறு தடவையாவது ஒன்னுக்குப் போனா பால் போதுதுன்னு தெரிஞ்சுக்கலாம். எழுப்பியும் எழும்பலே, சுத்தமா சப்பலே, உள்ளங்கை, பாதம் மஞ்சளாகுதுன்னா உடனே டாக்டரிடம் காட்டணும்.

நம்ம குழுவில் யாருக்குப் பிரசவமானாலும், முதல் மூணு நாள் விவரம் தெரிஞ்ச ஒரு உறுப்பினர் கூட இருந்து தைரியம் சொல்லணும்னு தீர்மானம் போடுவோம். கடன் கொடுக்கிறது மாதிரி இதுவும் குழுவோட வேலைதான்.