தோட்டக்காரரின் பருவங்கள்



ஸ்ரீவராகத்தில் வாழும் நம்மில் பலர் மழை குறைந்த சீமையிலிருந்து வந்தவர்கள். இங்கோ ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவருஷம் என இரு மழைகள். ஆகவே தோட்ட வேலையின் முறையும் வேறு.

மழைக்கு முன் வடிகால் திறத்தல். ஜூன் பிற்பகுதியில், சூரியன் திருவாதிரையில் நிற்கும் ஞாற்றுவேலையில், மிளகுக்கொடியும் செம்பருத்திக் கொம்பும் நடுதல். துலாமழை ஓய்ந்தபின் தென்னந் தடத்தில் மட்டையும் சருகும் பரப்பி ஈரம் காத்தல். நவம்பர் இறுதியில் மல்லிகையைக் கவாத்துச் செய்தல். இவையாவும் காலமறிந்து செய்யும் கைத்திறன்.

ஓர் ஆண்டு, புல் வளராத மாதங்களில் இவருக்கு என்ன வேலை என்றெண்ணி, நவம்பரிலேயே தோட்டக்காரரை நிறுத்திவிட்டேன். மல்லிகை புதுத் தளிரில் அரும்புவது. கவாத்தின்றிப் பழங்கொம்பே நீண்டது. சித்திரையில் வீட்டார் சூட ஒரு முழம் பூ இல்லை. மீண்டும் அழைத்தபோது அவர், "நாள் கடந்துவிட்டதே ஐயா!" என்று மட்டும் கூறினார். எனக்குப் பூதான் போயிற்று. அவருக்கோ பல மாதக் கூலி போயிற்று.

அன்பர்களே! புல்லுக்கு மட்டுமன்று, பருவம் அறிந்த அறிவுக்கும் கூலி உண்டு. அதனை ஆண்டு முழுவதும் அளிப்போமாக.