நம் ஊர்க் குழாய்க்கு உடையவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் எனக்கு அத்துணைத் துணிவு இல்லை. ஆகவே ஜாம்ஷெட்பூரில் நாம் குடிக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசச் செயலாளர் அவர்களிடம் அனுமதி பெற்றேன்.

பிற ஊர்களில் முதலில் ஊர் இருக்கும். நகராட்சி குழாய் போடும். பிறகு ஒருநாள் அதைக் கம்பெனியிடம் ஒப்படைக்கும். இங்கே கதை தலைகீழ். 1907-இல் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி தோன்றியது. சுவர்ணரேகையும் கர்க்காயும் கூடுமிடத்திற்கு அருகே, சாக்சி என்னும் சிற்றூரில் ஆலை எழுந்தது. உலைக்குத் தண்ணீர் வேண்டும். உலையருகே வேகும் மனிதனுக்கும் வேண்டும். ஆற்றுநீரை இறைத்த ஆலையே குடியிருப்புகளுக்கும் குழாய் இட்டது. 1919-இல்தான் ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்ற பெயரே வந்தது. காளிமாட்டி நிலையம் டாட்டாநகர் ஆயிற்று. பின்னர், தால்மா மலையடிவாரத்தில் டிம்னா ஏரியை அமைத்ததும் கம்பெனியே. ஞாயிறுதோறும் நாம் புளியோதரை கட்டிக்கொண்டு செல்லும் அந்த ஏரி, உல்லாசத்திற்காகத் தோன்றியதன்று, குடிநீருக்காகத் தேக்கியது.

நெடுங்காலம் தண்ணீர் வழங்குவது கம்பெனியின் நகரத் துறை செய்த பணிகளுள் ஒன்றாக இருந்தது. 2003-இல் அத்துறையைப் பிரித்துத் தனி நிறுவனமாகப் பதிந்தனர். அதுவே ஜுஸ்கோ. 2004 முதல் அது இயங்கியது. இப்போது பெயர் மாறிவிட்டது; நம் வாயில் மட்டும் பழைய பெயரே நிற்கிறது. பங்குகள் முழுவதும் எஃகுக் கம்பெனியுடையவை. அப்படியானால் என்னதான் மாறியது என்று கேட்பீர்கள். எஃகின் செலவுக் கணக்கில் ஒரு வரியாக இருந்த தண்ணீர், தனக்கென வரவும் செலவும் கொண்ட தொழிலாயிற்று. பேரேடு எழுதுகிறவனுக்கு இது சிறு மாற்றமன்று! தொழில் என்றால் வெளியூர் வாடிக்கையும் வேண்டுமல்லவா? 2008-இல் மைசூர் நகரக் குழாய்களைச் சீரமைக்கும் ஒப்பந்தத்தை அந்நிறுவனம் பெற்றது. அங்கே நகராட்சியின் தண்ணீர் தனியார் கைக்குப் போகிறதென்று எதிர்ப்பும் எழுந்தது. நம் ஊரில் அப்படி எழவில்லை. கைமாறுவதற்கு இங்கே நகராட்சித் தண்ணீர் என ஒன்று இருந்ததே இல்லை.

குறை கூறவே வந்தேன் என எண்ணவேண்டா. கதமாவில் வசிக்கும் என் நண்பர் குழாய்நீரைக் காய்ச்சாமலே குடிக்கிறார். குழாய் கசிந்தால் தொலைபேசியில் சொல்கிறார், ஆள் வருகிறது. நானோ கம்பெனியின் குத்தகை எல்லைக்கு வெளியே, ஊராட்சிப் பகுதியில் வாடகைக்கு இருப்பவன். சித்திரை பிறந்தால் என் மனைவி விடியுமுன் குடத்தோடு வரிசையில் நிற்கிறாள். எங்களுக்கு வாக்களித்துத் தேர்ந்த முகியா உண்டு, தண்ணீர் இல்லை. நண்பருக்குத் தண்ணீர் உண்டு, முகியா இல்லை. இருவரும் ஒரே ஆற்றின் கரையில்தான் வாழ்கிறோம்.

அந்த எல்லைக்கோடு சாதாரணமானதன்று. 2005-இல் அரசு குத்தகையைப் புதுப்பித்தபோது, 1996 முதல் முப்பதாண்டு என்று கணக்கிட்டது. 86 பஸ்திகள் அதில் சேராமல் விடப்பட்டன. அங்குள்ளோர் பலர் ஆலையைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் வீட்டுக் குழாய் பற்றிய பேச்சு அன்று முதல் தேர்தல்தோறும் நடக்கிறது. 1992-இல் இயற்றிய அரசியல் சட்டத்தின் 74-ஆம் திருத்தம் நகரங்களுக்குத் தேர்ந்தெடுத்த நகராட்சி வேண்டும் என்றது. ஆயினும் ஆலையே நகரப் பணிகளைச் செய்யும் இடத்தைத் தொழில் நகரியமாக ஆளுநர் அறிவிக்கலாம் என அதிலேயே விலக்கும் வைத்தது. நகராட்சி கேட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 2023-ஆம் ஆண்டின் இறுதியில் மாநில அமைச்சரவை தொழில் நகரியத்தின் பக்கமே நின்றது. நல்ல தண்ணீர் தருபவரிடம் வாடிக்கையாளராக இருந்தால் போதுமா, குடிமகனாகவும் இருக்கவேண்டுமா? சென்ற மாதம் நூலக அறையில் நம்மவர்கள் இதைப் பற்றி இரவு பத்து மணி வரை வாதிட்டார்கள். காபி ஆறியதே மிச்சம். நான் இரண்டும் வேண்டும் என்ற கட்சி.

ஒன்று சொல்லி அமர்கிறேன். எல்லையோரம் குடியிருக்கும் நம் குடும்பங்களில் இணைப்புக்கு விண்ணப்பிக்க விரும்புவோர், இந்தியில் எழுதத் தயங்கி இருந்துவிடுகிறார்கள். ஞாயிறு மாலைகளில் நான் சங்க நூலகத்தில் இருப்பேன். வாடகைச் சீட்டும் அடையாள அட்டையும் கொண்டுவாருங்கள், எழுதித் தருகிறேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட படியை மட்டும் மறவாமல் கேட்டு வாங்கிவையுங்கள்.