உழவன் கஷ்டத்திற்குக் காரணம் விதியா?

(காவிரிப் பாசனக் கிராமமொன்றில் கூடிய விவசாயிகள் கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் சாமி உண்டா, இல்லையா என்பதல்ல. உங்கள் வயலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். ஆனால் வயலைப் பற்றி வாய் திறந்தால் சாமியும் விதியும் தாமாகவே நடுவில் வந்து உட்கார்ந்து கொள்ளுகின்றன. அது நமது குற்றமல்ல.

விளைச்சல் ஏன் பொய்த்தது என்று ஒருவரைக் கேட்டால் "தலையெழுத்து" என்கிறார். பூச்சி ஏன் விழுந்தது என்றால் "கண் திருஷ்டி" என்கிறார். நெல்லுக்கு ஏன் விலை கிடைக்கவில்லை என்றால் "நேரம் சரியில்லை" என்கிறார். கடன் ஏன் தீரவில்லை என்றால் "போன ஜன்மத்துப் பாவம்" என்கிறார். எந்த வியாதிக்குப் போனாலும் ஒரே சூரணத்தை மடித்துக் கொடுக்கிறவனை நீங்கள் வைத்தியன் என்று ஒப்புக் கொள்ளுவீர்களா? மாட்டுக்குக் கூட அவனிடம் மருந்து வாங்க மாட்டீர்கள். அப்படியிருக்க, உங்கள் வாழ்வுக்கு மாத்திரம் அந்த ஒரே சூரணம் எப்படிப் போதும்?

நாம் சொல்ல வந்தது ஒன்றேதான். உழவனுடைய கஷ்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்கிற மனிதர்களும் உண்டு. நாம் விதி விதி என்று சொல்லிக் கொண்டிருக்கும் வரையில் அந்தக் கணக்கை யாரும் நமக்குக் காட்டப் போவதில்லை.

தண்ணீர்

முதலில் தண்ணீரை எடுத்துக் கொள்ளுவோம். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. குறுவைக்காக ஜூன் 12இல் அதைத் திறப்பது வழக்கமாயிற்று. ஆனால் 2012 முதல் 2019 வரையில் எட்டு வருஷம் அந்தத் தேதியில் அணை திறக்கப்படவில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட நூற்றுக்கு 62 பங்கு குறைந்து போயிற்று. சம்பா கருகிற்று. கருகிய பயிரைப் பார்த்து வரப்பிலேயே நெஞ்சடைத்து விழுந்தவர்களையும், பூச்சிக்கு வாங்கிய மருந்தைத் தாமே குடித்தவர்களையும் இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த 2017ஆம் வருஷம் ஜூன் மாதத்திலும் தண்ணீர் இல்லையென்று குறுவைக்கு அணை திறக்கவில்லை. ஆனால் அதே செப்டம்பரில் காவிரிப் புஷ்கரம் என்ற பேரால், ஜனங்கள் முழுகிப் பாவத்தைக் கழுவிக் கொள்ளுவதற்காக மேட்டூரிலிருந்து தண்ணீர் விடப்பட்டது. பாசனத்துக்கென்று திறந்தது அக்டோபர் 2இல்தான். பயிருக்கு முந்திப் பாவத்துக்குத் தண்ணீர்! அதற்காக ஒரு மிராசுதாராவது, ஒரு குத்தகைக்காரராவது கோபித்துக் கொண்டாரா? பலர் பெண்டு பிள்ளைகளுடன் போய் முழுகிவிட்டு வந்தார்கள்.

2019இல் கோயில்கள் தோறும் மழைக்காக யாகமும் வருண ஜபமும் செய்யும்படி இந்து அறநிலையத் துறையிலிருந்தே உத்தரவு போயிற்று. அந்த ஆகஸ்டில் மழை கொட்டியது, செப்டம்பரில் மேட்டூர் நிரம்பியது. "பார்த்தீர்களா ஜபத்தின் மகிமையை!" என்றார்கள் ஆஸ்திகர்கள். நல்லது. ஆனால் ஜபித்தது தமிழ்நாட்டில், மழை கொட்டியது குடகிலும் வயநாட்டிலும். வயநாட்டில் மலை சரிந்து வீடுகளோடு மனிதர்கள் புதைந்து மாண்டார்கள். மழை ஜபத்தால்தான் வந்ததென்றால், ஜபித்தவர்கள் மீது கொலைக் கேசு போட வேண்டாமா? "அதெல்லாம் இயற்கை" என்று பதில் சொல்லுவீர்களானால், மேட்டூர் நிரம்பியதும் அதே இயற்கைதானே! நன்மை வந்தால் ஐயருக்குத் தக்ஷணை, தீமை வந்தால் இயற்கையின் மேல் பழி என்பது எந்த ஊர் நியாயம்?

காவிரித் தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது, தோழர்களே. நடுவர் மன்றம் 2007இல் தீர்ப்புச் சொல்லிற்று. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் அதைத் திருத்தி, வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் தமிழ்நாட்டு எல்லைக்கு வர வேண்டுமென்றது. ஜூன் மாதத்துப் பங்கு 9.19, ஜூலை மாதத்துப் பங்கு 31.24. பிலிகுண்டுலுவில் அதை அளக்கிறார்கள். பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழையென்று படிப்பதைக் காது கொடுத்துக் கேட்கிற நாம், இந்த இரண்டு எண்களைக் கேட்டு வைத்திருக்கிறோமா? இந்த எண் தெரிந்தவனால்தான் "ஜூன் பங்கு எங்கே?" என்று சர்க்காரைக் கேட்க முடியும். எல்லையில் வந்த தண்ணீர் கடைமடைக்கு ஏன் வரவில்லை, வாய்க்கால் தூர் எடுத்ததாக எழுதிய பணம் எங்கே போயிற்று என்றும் அவனால்தான் கேட்க முடியும்.

விதையும் பூச்சியும்

அஷ்டமி, நவமி, கரிநாள், இராகு காலம் எல்லாம் பார்த்து விதை விடுகிறோம். விதையைப் பார்த்தோமா? பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து, ஒரு நல்ல கோழிமுட்டையைப் போட்டால் மிதக்கும். அந்தத் தண்ணீரில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைநெல்லும் மேலே வந்துவிடும். அதை அரித்து எறிந்துவிட்டு, அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் அலசி விதைக்க வேண்டியதுதான். இதற்கு நல்ல நாளும் வேண்டாம், புரோகிதனும் வேண்டாம். உப்பும் முட்டையும் போதும்.

புகையான் விழுந்து வயல் வட்டம் வட்டமாய்க் காய்ந்தால் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பூசணிக்காய் உடைக்கிறோம். கண் வைத்தது யார்? நாம் அளவு மீறிக் கொட்டிய யூரியாதான்! தழைச்சத்து மிஞ்சி, பயிர் நெருங்கி, காற்றும் வெயிலும் தூருக்குப் போகாமல், தண்ணீரும் வடியாமல் நின்றால் புகையானுக்கு அதைவிடச் சுகமான வீடு வேறில்லை. எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டு, உரத்தைப் பிரித்துப் போட்டு, தண்ணீரைக் காயவிட்டுக் கட்டினால் பாதிக் கண் திருஷ்டி தானே கழிந்து போகும்.

விலை

இனி விளைந்த நெல் களத்துக்கு வருகிறது. 2024-25இல் சன்னரக நெல்லுக்கு மத்திய சர்க்கார் வைத்த விலை குவிண்டாலுக்கு 2,320 ரூபாய். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ ஒரு மூட்டை. ஈரம் 17க்கு மேல் போகக் கூடாது. இந்த மூன்று எண்ணையும் மனதில் வைத்துக் கொண்டு மேலே கேளுங்கள்.

எடை போடும்போது மூட்டைக்கு ஒரு கிலோ கூடப் போனால் "ஒரு கிலோதானே" என்று விட்டுவிடுகிறோம். நூறு மூட்டைக்கு நூறு கிலோ, அதாவது ஒரு குவிண்டால், அதாவது 2,320 ரூபாய்! இது போதாதென்று தூற்ற, நிறுக்க, தூக்க என்று மூட்டைக்கு இவ்வளவு கேட்கிறார்கள் என்ற புகார் ஊருக்கு ஊர் இருக்கிறது. கொடாதவன் நெல் மழையில் கிடந்து முளைக்கிறது. முளைத்த நெல்லைப் பார்த்து அவன் வருண பகவானைத் திட்டுகிறான். வருணனா அங்கே தராசு பிடித்துக் கொண்டிருந்தான்?

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004இல் அமைந்த தேசிய விவசாயிகள் கமிஷன், சாகுபடிச் செலவுக்கு மேல் பாதியாவது சேர்த்து விலை வைக்க வேண்டுமென்றது. எந்தச் செலவைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது. நிலத்துக்கு வாடகையும், போட்ட முதலுக்கு வட்டியும் சேர்த்தால் ஒரு கணக்கு, சேர்க்காவிட்டால் வேறொரு கணக்கு. அந்தச் சண்டையில் உங்கள் பக்கம் பேச உங்களிடம் என்ன இருக்கிறது? உழவுக் கூலி எவ்வளவு, அறுப்பு இயந்திரத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால் உத்தேசமாய்ச் சொல்லுகிறோம். ஆனால் கோயில் திருவிழா வரிக்கு எழுதிய தொகை மாத்திரம் பைசா சுத்தமாய் ஞாபகமிருக்கிறது!

நிலமும் கூலியும்

விதி என்ற சொல் யாருக்கு லாபமாய் இருந்தது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். மனு தர்மத்தின் பத்தாவது அத்தியாயம் ஏர்த்தொழிலை நல்லோர் பழித்த தொழில் என்கிறது. உழுகிறவன் இழிந்தவன், உழாமல் உண்ணுகிறவன் உயர்ந்தவன் என்று ஏற்படுத்தி வைத்துவிட்டு, அதற்குப் போன ஜன்மத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். சேற்றில் இறங்குகிறவன் சேரியிலும், இறங்காதவன் தெருவிலும் இருக்க நேர்ந்தது இதனால்தான்.

1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் செய்த குற்றம் என்ன? கூலி கொஞ்சம் கூடக் கேட்டு நின்ற சங்கத்தைச் சேர்ந்த குடும்பத்தார் என்பதுதான். அது விதியா? நெருப்பு வைத்த கைகள் விதியின் கைகளா? குற்றஞ் சாட்டப்பட்ட நிலக்காரர்களை ஹைகோர்ட்டு பின்னால் விடுதலை செய்துவிட்டது. அரை ஏக்கர் குத்தகைக்காரனும் கூலிக்காரனும் ஜாதியால் பிரிந்து நிற்கிற வரையில் இருவருக்கும் விமோசனமில்லை. கூலி கேட்கிறவன் உங்கள் எதிரியல்ல. உங்கள் நெல்லின் விலையைத் தின்கிறவன் வேறிடத்தில் இருக்கிறான்.

நிலமெல்லாம் யாருடையது? தமிழ்நாட்டில் கோயில் மடங்களின் பேரில் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது. ஏர் பிடிக்காத சாமி மிராசுதார், பிடித்தவன் குத்தகைபாக்கிதார்! சாமியிடத்திலானாலும் தனியாரிடத்திலானாலும் வாய்வார்த்தையில் குத்தகை செய்கிறவர்கள் ஒன்றை நன்றாய்த் தெரிந்து கொள்ள வேண்டும். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே சட்டம் வந்துவிட்டது. பதிவில்லாதவனுக்குச் சங்கத்துக் கடன் கிடைப்பதும், வெள்ள நிவாரணம் கிடைப்பதும் பெரும்பாடு. உழுதவன் ஒருவன், நிவாரணம் வாங்குகிறவன் வேறொருவன் என்பது இதனால்தான்.

பெண்கள் சங்கதியும் இதுவே. நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் அவர்கள். கூலியில் குறைவும் அவர்களுக்கே. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு தீர்மானம் செய்தது. சட்டம் 1989இல் வந்தது. ஆனால் எத்தனை வீட்டில் பெண் பேரில் பட்டா இருக்கிறது என்று இங்கிருக்கும் ஆண்கள் தங்கள் தங்கள் வீட்டை நினைத்துப் பார்க்கட்டும்.

செய்ய வேண்டியது

தோழர்களே! நாம் கோயிலை இடிக்கச் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல்லுகிறோம். விதை, உரம், உழவு, கூலி, வட்டி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பெண்ணை எழுதச் சொல்லுங்கள். கடா வெட்டுக்கும் காது குத்துக்கும் வாங்கிய கடனைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். வருஷ முடிவில் இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தால் நாம் வந்து பிரசங்கம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது.

அடங்கலில் உங்கள் பேரும் பயிரும் சரியாய் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரைதான், கெடு தவறாமல் கட்டுங்கள். அதில் பெரும்பாலும் கிராமத்தை ஒன்றாய் வைத்து, சில வயல்களில் அறுத்துப் பார்த்துத்தான் நஷ்டம் கணக்கிடுகிறார்கள். ஆகையால் அறுத்துப் பார்க்கும் அன்று ஊரார் கூட நில்லுங்கள். கொள்முதல் நிலையத்துக்குத் தனித்தனியே போய்க் கை கட்டி நிற்காமல் பத்துப் பேராய்ப் போய் எடையைப் பாருங்கள். தனியாய்ப் போகிறவனுக்குத்தான் விதி. பத்துப் பேராய்ப் போகிறவர்களுக்குச் சட்டம்.

 நாம் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள் என்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.