காப்பிக் கறையும் மின்சார மையும்



சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறி வருகிறவர்கள், பனிமூட்டம் விலகாத காலைப்பொழுதில் முதலில் நாடுவது சூடான காப்பியைத்தான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் ஊன்றிய செடியின் சந்ததியல்லவா இது என்று எண்ணிக் குடிப்பதில் தனி ருசியும் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது ருசியைப் பற்றியன்று. டம்ளரிலிருந்து மேஜைமேல் சிந்திய துளியொன்று காய்ந்தபின் விட்டுச்செல்லும் கறையைப் பற்றி.

அந்தக் கறை நடுவில் வெளிறி, விளிம்பில் கறுத்து, வளையம்போல் இருக்கும். ஏன்? 1997இல் சிகாகோ சர்வகலாசாலையில் டீகன் என்பவரும் அவருடைய சகாக்களும் காரணத்தைக் கண்டு சொன்னார்கள். துளியின் விளிம்பு பரப்பில் ஒட்டி நகராமல் நிற்க, அங்கேதான் நீர் விரைந்து ஆவியாக, அந்த நஷ்டத்தை ஈடுசெய்வதற்காக நடுவிலிருந்து திரவம் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது காப்பித் துகள்களையும் வாரிக்கொண்டு போய்க் கரையில் குவித்துவிடுகிறது.

மேஜையைத் துடைத்தால் தீர்ந்துபோகிற இந்தச் சமாசாரம், மின்சார மையை அச்சிடுகிறவர்களுக்குப் பெரிய தலைவலியாக வாய்த்தது. பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். ஆனால் 1977இல் ஹீகர், மக்டயார்மிட், ஷிராகவா என்ற மூவர், பாலிஅசெட்டிலீன் என்னும் பாலிமர் படலத்துக்கு அயோடின் ஆவியைக் காட்ட, அதன் மின்கடத்தும் சக்தி ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 2000ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு அவர்களுக்கே. பிறகு இவ்வினப் பாலிமர்களைக் கரைத்து, மையாக்கி, காகிதத்தில் எழுத்தை அச்சிடுவதுபோல மெல்லிய தாளில் மின்சுற்றுகளை அச்சிடலாம் என்ற ஆசை பிறந்தது. சிவகாசியில் அச்சான காலண்டரில் மை சற்றுத் திட்டுத்திட்டாகக் காய்ந்தால் சாமி படத்தின் அழகு குறையும், அவ்வளவே. இங்கே திட்டு விழுந்தால் மின்சாரத்தின் வழியே கெட்டுவிடும். ஆகவே மெதுவாக ஆவியாகும் இரண்டாவது கரைப்பானைச் சிறிது கலந்து, பரப்பு இழுவிசையின் வேற்றுமையால் திரவத்தை மீண்டும் நடுவுக்குத் திருப்பும் உபாயத்தைக் கண்டார்கள்.

வளையம் மறைந்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால், அதுதான் இல்லை. பாலிமர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறு. சேலத்து நெசவாளர் தெருவில் இழுத்துக் கட்டிய பாவைப்போல அச்சங்கிலிகள் ஒழுங்காகப் படிந்தால் மின்னூட்டம் தங்குதடையின்றிச் செல்லும். சிக்கலான நூல்போல முடங்கினால் தடுமாறும். அறுபத்தோரு டிகிரியிலேயே கொதிக்கும் குளோரோஃபார்மில் கரைத்த மை சங்கிலிகளுக்கு அணிவகுக்க அவகாசம் தராமல் உலர்ந்துவிட, நூற்று முப்பத்தொரு டிகிரி வரை பொறுக்கும் குளோரோபென்ஸீன் அந்த அவகாசத்தைத் தருகிறது. தகடொன்றால் மையை இழுத்துப் பூசினால், இழுத்த திசையிலேயே சங்கிலிகள் நீள்வதும் உண்டு. பாலிதயோஃபீன் வகைப் பாலிமர் ஒன்றில் அடுக்குகள் தரைக்குச் செங்குத்தாக நிற்கின்றனவா, படுத்திருக்கின்றனவா என்பதைப் பொறுத்து, மின்னூட்டம் நகரும் திறன் நூறு மடங்குக்குமேல் மாறுகிறதென்று கேம்பிரிட்ஜில் ஸிரிங்ஹவுஸ் குழுவினர் 1999இல் காட்டினார்கள். பொருள் ஒன்றுதான், படிந்த விதம் வேறு!

உலரும் விதம் பொருளின் குணத்தையே மாற்றும் என்பது நம் காப்பி எஸ்டேட் களத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் புதிய ஞானமன்று. பல்ப்பிங், அதாவது பழத்தோல் நீக்கம், முடிந்த காப்பிக்கொட்டையை அவசரப்பட்டுக் கடும் வெயிலில் உலர்த்தினால் மேல்தோல் வெடிக்குமென்று கருதி, அவர்கள் நாள்முழுதும் கிளறிக்கொண்டே இருப்பார்கள்.

இந்தியாவில் இத்தகைய அச்சுக்கலையை ஆராய்வதற்கென்றே கான்பூர் ஐ.ஐ.டி.யில் நெகிழ்மின்னணுவியல் தேசிய மையம் இருக்கிறது. நேயர்களுக்கோ அத்தனை தூரப் பிரயாணம் வேண்டியதில்லை. நாளைக் காலை, பால் கலவாத டிகாஷனில் ஒரே ஒரு துளியைக் கண்ணாடித் துண்டின்மேல் விட்டு, அது காயும்வரை பொறுத்திருந்து பாருங்கள்.