மாஞ்செஸ்டர் சதுக்கத்துக் கல் சொல்லும் கதை

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

பஞ்சாலை என்றால் ஒரு காலத்தில் உலகம் மாஞ்செஸ்டரைத்தான் நினைத்தது. அந்த நகரின் நடுவே செயிண்ட் பீட்டர்ஸ் சதுக்கம் இருக்கிறது. வட்டமான பெரிய நூலகம், டிராம் நிலையம், பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையாரின் சிலை எல்லாம் அங்கே உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவர் இவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். உழைப்பவன் போனால், இன்னும் சில நிமிஷம் பீட்டர் தெருவில் நடக்க வேண்டும். 200 ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் வெறும் திடல்.

1819 ஆகஸ்ட் 16, திங்கட்கிழமை. அந்தத் திடலில் சுமார் 60,000 பேர் கூடினார்கள். ஓல்டாம், மிடில்டன், ராச்டேல் ஊர்களிலிருந்து நெசவாளிகளும் நூற்பாளர்களும் பெண்டு பிள்ளைகளோடு நடந்தே வந்தார்கள். இருந்ததில் நல்ல துணியை உடுத்தி, கொடி பிடித்து, ஆயுதம் இல்லாமல் வந்தார்கள். கேட்டது என்ன? வாக்குரிமை! ஆளே குடியில்லாத ஓல்ட் சாரம் மேட்டுக்குப் பார்லிமெண்டில் இரண்டு உறுப்பினர். மாஞ்செஸ்டருக்கென்று ஒருவர்கூட இல்லை!

ஹென்றி ஹண்ட் பேச எழுந்தார். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்திருந்த மாஜிஸ்திரேட்டுகள் அவரைக் கைது செய்ய உத்தரவிட்டார்கள். முதலில் பாய்ந்தது யார்? உள்ளூர் முதலாளிகளும் கடைக்காரர்களும் சேர்ந்திருந்த குதிரைப்படை! பின்னாலேயே பட்டாளத்துக் குதிரைப்படையும் வந்தது. 18 உயிர்கள் போயின. சுமார் 700 பேர் காயம்பட்டார்கள். இறந்தவர்களில் ஒன்று இரண்டு வயதுக் குழந்தை. இன்னொருவர் ஜான் லீஸ்; 1815-ல் வாட்டர்லூ போரில் நாட்டுக்காக நின்ற சிப்பாய்! அந்தப் போரின் பெயரைக் கேலியாகத் திருப்பித்தான் மக்கள் இதைப் 'பீட்டர்லூ' என்றார்கள்.

வெட்டியவன் தண்டிக்கப்பட்டானா? இல்லை. மாஜிஸ்திரேட்டுகளுக்கு அரசின் நன்றி கிடைத்தது. ஹண்டுக்கு இரண்டரை ஆண்டு சிறை கிடைத்தது. 1832-ல் மாஞ்செஸ்டருக்கு இரண்டு பார்லிமெண்ட் இடங்கள் வந்தன. வாக்கோ சொத்துள்ளவனுக்குத்தான், வெட்டுப்பட்ட நெசவாளிக்கு இல்லை.

தோழர்களே, கொலைக்குப் பிறகு இன்னொரு கொலை நடந்தது. அது சொல்லால் செய்த கொலை. அந்த இடத்துக் கட்டடச் சுவரில் முன்பு ஒரு பலகை இருந்தது. ஹண்ட் பேசினார், கூட்டம் ராணுவத்தால் கலைக்கப்பட்டது என்றது அந்தப் பலகை. கலைந்ததாம்! செத்தவர் பற்றி ஒரு சொல் இல்லை. மக்கள் விடவில்லை, இயக்கம் நடத்தினார்கள். 2007-ல் புதிய பலகை வந்தது. ஆயுதமேந்திய குதிரைப்படை தாக்கியதையும் மக்கள் மாண்டதையும் அது சொல்கிறது. 200-வது ஆண்டான 2019-ல் வட்டப் படிகளாக நினைவுச் சின்னம் எழுந்தது. இறந்தவர்களின் பெயரும் ஊரும் அந்தக் கல்லில் இருக்கின்றன.

'கலைக்கப்பட்டது' என்ற ஒரு சொல்லை மாற்ற எத்தனை காலம் ஆயிற்று, பாருங்கள்! ஆகவே எந்த ஊர்ச் சதுக்கத்துக்குப் போனாலும் சிலையைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். கல்வெட்டைப் படியுங்கள். செத்தது யார், கொன்றது யார் என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். எழுதும்வரை கேளுங்கள்!