லென்னியை அளவுகோலாக்கியவர்கள்

இலக்கியத்தில் ஊனம் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரே ஒரு நாவலை எடுத்துக்கொள்கிறேன்.

ஜான் ஸ்டீன்பெக் 1937இல் எழுதிய ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’. கலிஃபோர்னியாப் பண்ணைக் கூலிகளின் கதை. லென்னிக்குப் பெரிய உடம்பு, குழந்தை புத்தி. தன் பலம் தெரியாமல் ஒரு பெண்ணைக் கொன்றுவிடுகிறான். கும்பல் பிடிப்பதற்குள் நண்பன் ஜார்ஜே அவனைச் சுட்டுவிடுகிறான். வகுப்பில் இதைக் கருணை என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அழுதேன்.

இப்போது படித்தால் வேறொன்று உறுத்துது. அதே துப்பாக்கியால்தான் முன்பு ஒரு கிழட்டு நாயைச் சுட்டார்கள். நாயின் சொந்தக்காரர் கேண்டிக்கு ஒரு கை கிடையாது. அடுத்து நம்மைத்தான் துரத்துவார்கள் என்று பயப்படுகிறார். பிரதிக்கு வெளியேயும் நிலைமை அதுதான். கலிஃபோர்னியாவில் 1909 முதல் 1979 வரை இருந்த சட்டத்தின்கீழ், புத்தி குறைந்தவர், மனநோயாளி என்று முத்திரை குத்தி ஏறக்குறைய 20,000 பேருக்குக் கருத்தடை செய்தார்கள்.

குரூக்ஸைப் பாருங்க. கறுப்பர், குதிரை உதைத்து முதுகு வளைந்தவர். அந்த வளைவே பெயராகிவிட்டது. வெள்ளைக் கூலிகள் படுக்கும் கொட்டகைக்குள் அவர் போகக் கூடாது. லாயத்தை ஒட்டித் தனி அறை. அவரிடம் கிழிந்த சிவில் சட்டப் புத்தகம் ஒன்று உண்டு. ‘உன்னை மரத்தில் தொங்கவிட வைப்பேன்’ என்று முதலாளி மகனின் மனைவி மிரட்டியதும் மனுஷன் ஒன்றுமில்லாமல் சுருங்கிப்போகிறார். (நம்ம ஊரிலும் நொண்டி, கூனன் என்றே கூப்பிட்டு, சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாமல் செத்தவர்கள் உண்டு. சேரியிலும்தான். அதையும் பேசணும்.)

கதைதானே என்பீர்கள். அறிவுவளர்ச்சி குன்றியவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று 2002இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்னது. யார் அப்படிப்பட்டவர்? 2004இல் டெக்சாஸ் நீதிமன்றம் லென்னியை உதாரணம் காட்டியது. லென்னி மாதிரி ஆளை விட்டுவிடலாம் என்று மக்கள் ஒப்புக்கொள்வார்களாம்! கூடவே சில கேள்விகள்: பொய் சொல்லத் தெரியுமா, திட்டம் போடத் தெரியுமா என்று. 2012 ஆகஸ்டில் மார்வின் வில்சன் என்ற கறுப்பரை விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். நுண்ணறிவுச் சோதனையில் அவர் வாங்கியது 61. ஸ்டீன்பெக்கின் மகன் தாமஸ் பகிரங்கமாகக் கண்டித்தார். அந்தக் கேள்விகளை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2017இல்தான்.

நாவலில் லென்னி என்பதால் கொன்றார்கள். டெக்சாஸில் லென்னி மாதிரி இல்லை என்று கொன்றார்கள். இரண்டிலும் அளவுகோல் யார் கையில் இருந்தது?

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். சலுகை கேட்டு வருகிறவரிடம் சான்றிதழில் 40 சதவீதம் இருக்கா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு, கவுண்டருக்கு மேலாக எட்டி அவர் காலையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். சான்றிதழ்தான் கையில் இருக்கே, காலை எதுக்குய்யா பார்த்தேன்?