முப்புரியாய் முறுகிய புரதம்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. உயிர்கள் தம் புரதங்களைப் பெரும்பாலும் 20 வகை அமினோ அமிலங்களைக் கொண்டே கட்டுகின்றன. அவை எந்த ஒழுங்கில் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதே முதல்நிலைக் கட்டமைப்பு. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றின் வரிசையை 1950களில் பிரெடெரிக் சாங்கர் முழுமையாகக் கண்டறிந்தார்.

ஐதரசன் பிணைப்புகளால் இச்சங்கிலி சில இடங்களில் சுருளாகும். சில இடங்களில் மடிப்புத் தகடாகும். இது இரண்டாம் நிலை. லைனஸ் போலிங் குழுவினர் 1951இல் முன்வைத்த ஆல்பா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள்.

சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும் என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து விடை வந்தது. ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் சங்கிலி திரும்பும் இரு கோணங்களைக் கணக்கிட்டார்கள். அணுக்கள் மோதிக்கொள்ளும் கோணங்களைக் கழித்தால் எஞ்சுவது சிறு பரப்பே. 1963இல் வெளியான அந்த ஆய்விலிருந்து பிறந்ததே இராமச்சந்திரன் வரைபடம். புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவங்கள் இன்றும் அதைக் கொண்டே சரிபார்க்கப்படுகின்றன.

அதற்கு முன்பே தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொலாஜனை இராமச்சந்திரன் ஆராய்ந்திருந்தார். சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிரால் படம்பிடித்து, கோபிநாத் கர்த்தாவுடன் 1954, 1955 ஆண்டுகளில் அதன் அமைப்பை வெளியிட்டார். கயிற்றின் புரிகள் போல மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி நிற்கின்றன. நடுவிலே இடம் மிகக் குறைவு. அமினோ அமிலங்கள் எல்லாவற்றிலும் சிறிய கிளைசினே அங்கே அடங்கும். அதனால்தான் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் வருகிறது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டில் ஆட்டுக்கால் சூப் வைக்கும் நேயர்கள் இதன் விளைவை நேரிலே காணலாம். வெப்பத்தில் ஐதரசன் பிணைப்புகள் விட்டுப்போக, முப்புரி பிரிந்து ஜெலற்றினாகக் கரைகிறது. ஆறியதும் அது நீரைப் பிடித்துக்கொண்டு கட்டியாகிறது.

முழுச் சங்கிலியும் மடிந்து பெறும் வடிவம் மூன்றாம் நிலை. ஜோன் கென்ட்ரூ 1958இல் மயோகுளோபினில் அதைக் காட்டினார். பல சங்கிலிகள் கூடிச் செயற்படுவது நான்காம் நிலை. மக்ஸ் பெருட்ஸ் ஆராய்ந்த ஈமோகுளோபினில் நான்கு சங்கிலிகள் உண்டு. அதன் பீற்றா சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வலின் வந்தால், ஒட்சிசனை இழந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி, செங்குருதிக் கலம் அரிவாள் வடிவாகிறது.

முதல் நிலையின் வரிசையே மற்ற மூன்றையும் தீர்மானிக்கிறது. நான்கு நிலைகளையும் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் உயர்தர மாணவர்கள் இத்தொடர்பையும் விளங்கிக்கொண்டால், பாடம் மனத்தில் நிலைக்கும்.